அண்ணாச்சியைத் தேடாதே

அன்று உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: ‘அந்த அண்ணாச்சி நான்தான்.’ நெல்லை டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில், காப்பித் தம்ளர்கள் இருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைப் பெண் பார்க்க வந்திருந்தவர் தலை நிமிர்ந்து, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, “ஒங்க சென்டருக்குச் சனிக்கெழம தோறும் அண்ணாச்சின்னு ஒருத்தர் வருவாரே, தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். காப்பி சிந்தவில்லை. இன்றைக்கும் என்னைக் கூச வைப்பது அந்த நிதானம்தான். பொய்யோடு அவ்வளவு நேராக நிற்க எனக்கு வரும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது.

உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று உன் அப்பா ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முதல் பத்திரிகை நெல்லையப்பருக்கு. இரண்டாவதை எடுத்து, உறையின் மேல் தன் குண்டு எழுத்தில் ‘உயர்திரு அண்ணாச்சி அவர்கள்’ என்று எழுதினார். கீழே தெருவும் இல்லை, ஊரும் இல்லை. “இத நீ பத்திரமா வச்சிரு” என்று என்னிடம் நீட்டினார். “பயகிட்ட சொல்லியிருக்கேன். பழைய கேம் ஆடுனவங்களுக்குன்னு என்னென்னமோ குரூப்பு இருக்காம்லா, தேடிப் புடிச்சிருவான். மனுசனுக்கு இப்ப எழுபது தாண்டியிருக்கும். கூட்டியாந்து முன்வரிசையில உக்கார வைக்கணும்.” நான் வாங்கிக்கொண்டேன். மறுநாள் நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். “அம்மா, நீயும் அந்த சென்டர்லதான வேல பாத்த? அண்ணாச்சி மொகம் கொஞ்சமாவது ஞாபகம் இருக்கா?” யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். தேடாதே, ராசா. அந்தப் பத்திரிகை போய்ச் சேர வேண்டிய கைக்கு அன்றே வந்து சேர்ந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், கணக்கில் பட்டம் வாங்கிய கையோடு, பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பெண்களுக்குப் பாடம் எடுக்கச் சேர்ந்தேன். அந்தக் காலத்து சென்டரை நீ பார்த்ததில்லை. தூசி படக்கூடாதென்று செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கோயிலுக்குப் போவதுபோல. ஆண்களுக்கு ஓர் அறை, பெண்களுக்கு ஓர் அறை. பெண்பிள்ளையைச் சேர்க்க வரும் தகப்பன்மார் பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் “ரூம்பு தனித்தனியா?” என்றுதான் கேட்பார்கள். தனித்தனிதான். ஆனால் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்த கறுப்பு கேபிள் ஒன்றே ஒன்று. சுவரில் ஓட்டை போட்டு அதை எங்கள் பக்கம் இழுத்திருந்தார்கள். சனிக்கிழமை பிற்பகலில் வகுப்பு கிடையாது. சென்டர் சார் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். ஆண்கள் அறையில் பையன்கள் கேம் ஆடுவார்கள். அடுத்த வாரப் பாடத்தைத் தயார் செய்வதாகச் சொல்லிக்கொண்டு நான் பெண்கள் அறையில் தனியாக இருப்பேன். “ஏலே, பின்னால பாருலே!” “செத்தாம்லே, செத்தான்!” என்று சுவருக்கு அந்தப் பக்கம் கூத்தாக இருக்கும். ஒரு சனிக்கிழமை, கையிலிருந்த புத்தகம் முடிந்துபோனது. வேறு கொண்டுவரவில்லை. என் திரையில் அந்த கேமைத் திறந்தேன். அது என்னிடம் பேர் கேட்டது.

பெண் பேர் கொடுத்தால் அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோகும், அல்லது வேறு மாதிரி ஆகிவிடும். பையன் பேர் கொடுத்தால் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். கீழே மருந்துக்கடையில் அப்போதுதான் யாரோ “அண்ணாச்சி, தலவலி மாத்திர ஒண்ணு” என்று கேட்டது காதில் இருந்தது. அண்ணாச்சி என்றால் நம் ஊரில் யாரும் வாயை அடக்கித்தான் பேசுவார்கள். ஆங்கில எழுத்தில் அந்தப் பேரையே அடித்தேன். அப்போது அதில் வேறு திட்டம் எதுவும் இல்லை. சென்டர் சாரின் ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, அந்த அறைக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். சாருக்கு வேண்டப்பட்ட பெரிய மனுசர் யாரோ அங்கே உட்கார்ந்து ஆடுகிறார் என்று பையன்களே முடிவு செய்துகொண்டார்கள். கதவைத் தட்டிப் பார்க்கும் துணிச்சல் ஒருவனுக்கும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரவே இல்லை.

நான் எப்படிப்பட்ட ஆட்டக்காரி என்று உனக்குச் சொல்ல வேண்டும். இந்த வீட்டில் நீயும் அப்பாவும் கேமைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறீர்கள். ஒரு கருத்தும் இல்லாதவளாக நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கருத்து இருந்தது. மாவட்ட நூலகத்தில் மொழிபெயர்ப்பாக வந்த விண்வெளிக் கதைகளை ஒன்று விடாமல் படித்திருந்ததால் அந்த கேம்கள் முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தன. பையன்கள் உயிரை விட்ட அந்த கேம் செவ்வாய்க் கிரகத்தில் நடப்பதாகச் சொன்னார்கள். பார்த்தால் தூத்துக்குடி குடோன் மாதிரி இருந்தது: இரும்புக் கதவு, மங்கல் விளக்கு, மூலையில் பீப்பாய். ஆனால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு திறக்கும் சத்தம் வரும் பார், அந்த ஒரு சத்தத்துக்காக மற்றதை மன்னித்தேன். இன்னொன்று, வெறும் கோடுகளால் வரைந்த ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகச் சரக்கு ஏற்றி இறக்குவது. நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. “இது என்ன, திசையன்வெளைக்கு பஸ் ஓட்டுத கேமா?” என்று பையன்கள் தூக்கி எறிந்தார்கள். ஆகாயம் பெரும்பாலும் வெறுமை என்று தெரிந்திருந்த ஒரே கேம் அதுதான் என்பேன். மூன்று இனங்கள் கிரகத்துக்கு கிரகம் சண்டை போடும் யுத்த கேம் ஒன்றும் வந்தது. கனிமம் தோண்டி, கொட்டகை கட்டி, படையைப் பெருக்கி அனுப்ப வேண்டும். ஆரம்பத்திலேயே சுறுசுறுப்பாகத் தோண்டியவன் ஜெயிப்பான். மற்றவன் சாவதை மீதி நேரமெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லாத மூன்று இனங்களையும் சமபலமாக வைத்திருந்தவர்கள் மேல் மரியாதை வந்தது. வீட்டில் அப்படி ஓர் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

சேர்ந்து ஆடும் கேமில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. அந்தச் செவ்வாய் கேமில் வேறு அறையில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் டைப் செய்ய வேண்டும்; ஒருவர் திரையில் மட்டும் தெரியும்படியும் அனுப்பலாம். டைப் செய்யும்போது உன் ஆள் அசையாமல் நிற்பான். நிற்பவனை எதுவும் வந்து கடிக்கலாம், யாரும் சுடலாம். அதனால் யாரும் வெட்டிப் பேச்சு பேச மாட்டார்கள். பேச வேண்டியதை மட்டும், சாகத் துணிந்துதான் பேசுவார்கள். இப்போது நீ காதில் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே பேசுகிறாய், சுட்டுக்கொண்டே சிரிக்கிறாய். நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சுக்கு விலை இல்லை. நான் ஆடிய காலத்தில், நான் பேசும்போது இன்னொருவன் எனக்காகக் கதவருகே துப்பாக்கியோடு காவல் நிற்க வேண்டும். பெரும்பாலான பையன்கள் நிற்க மாட்டார்கள். டைப் செய்கிறவனைப் பார்த்துச் சுட்டுவிட்டுச் சிரிப்பவர்களும் இருந்தார்கள். ஒருவன் மட்டும் எப்போதும் நின்றான். அவன் தனக்கு வைத்துக்கொண்ட பேர் சொதி. கல்யாண மறுவீட்டில் இஞ்சித் துவையலோடு நாம் ஊற்றிக்கொள்ளும் அதே தேங்காய்ப்பால் சொதிதான். ஒரு விண்வெளி வீரனுக்கு அப்படி ஒரு பேர் வைக்கிறவன் யார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அது டவுனில் பம்புசெட் கடை வைத்திருந்தவரின் மகன், உன் அப்பா.

சொதியிடம் நான் பேசிய பேச்சை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. “என்னவே, கண்ணு தெரியலயா? பைய வாரும்வே. அங்கன ஒண்ணு ஒளிஞ்சிருக்கு பாரும்” என்று டைப் செய்வேன். தெருவில் ஆண்கள் ஆண்களோடு பேசும்போது மட்டும் கேட்ட சொல் அது. வாய்விட்டு நான் ஒருமுறைகூட ‘வே’ என்று யாரையும் அழைத்ததில்லை, இன்றுவரை. விரலால் அழைத்தேன். எங்கள் பெரியப்பா பேசுவதை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டேன். சொதி அந்தப் பெரியப்பாவிடம் மயங்கிவிட்டார். பம்புசெட் கடையில் அப்பாவோடு ஒத்துப்போகவில்லை என்பது முதல், இங்கிலீஷில் பேச வேண்டிய இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பது வரை அண்ணாச்சியிடம் சொன்னார். நான் காவல் நிற்பேன், அவர் சொல்வார். சாத்திய ஆபீஸ் அறை வாசலில் பெரிய தோல் செருப்பு ஒரு சோடி கிடக்கும். சென்டர் சார் கக்கூஸுக்குப் போகும்போது போட்டுக்கொள்வதற்காக வைத்திருந்த பழைய செருப்பு. அதுதான் அண்ணாச்சியின் செருப்பு என்று உன் அப்பா நம்பினார். ஒருநாள் “ஏலே சொதி” என்று யாரோ கூப்பிடுவது கேட்டு என் அறைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன்: யாரோ மிதித்துக் கவிழ்த்துவிட்டிருந்த அந்தச் செருப்பை அவர் குனிந்து, கையால் நேராக எடுத்து வைத்துவிட்டுப் போனார். பக்கத்திலேயே பெண்கள் வரிசையில் என் செருப்பும் கிடந்தது. அதை அவர் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வர வேண்டும். வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, செவ்வாயின் ஒரு இருட்டு மூலையில் நின்றுகொண்டு சொதி நீளமாக டைப் செய்தார். “அண்ணாச்சி, வீட்டுல பொண்ணு பாக்குதாவ. ஒரு சாதகம் பொருந்தியிருக்காம். இந்த சென்டர்லயே பொம்பளையாளுக்குப் பாடம் எடுக்காம். செவத்துக்கு அந்தப் பக்கம். நீங்க பாத்திருக்கியளா?” வந்தவற்றையெல்லாம் நான் சுட்டுக்கொண்டே இருந்தேன், அவர் பேசி முடிக்கட்டும் என்று. “எந்நேரமும் புஸ்தகமும் கையுமா இருக்குமாம். பேசவே பேசாதாம். எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி. வேண்டாம்னு சொல்லிரலாம்னு பாக்குதேன்.” எங்கள் வீட்டில் ஒரு சாதகம் பொருந்தியிருப்பது எனக்கும் தெரியும். பம்புசெட் கடை என்று சொல்லியிருந்தார்கள்; டவுனில் அப்படிக் கடைகள் பல. அது சொதி என்பது அந்த நொடியில்தான் தெரிந்தது.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறேன். ஒன்றும் சொல்லாமல் கேமை விட்டு வெளியேறியிருக்கலாம். எனக்குத் தெரியாதுவே என்று சொல்லியிருக்கலாம். நான் அவரைக் காவல் நிற்கச் சொல்லிவிட்டு டைப் செய்தேன்: “பாத்திருக்கேன்வே. நல்ல புள்ள.” அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. “மொகம் எப்படி அண்ணாச்சி?” என்று கேட்டார். “கறுப்புதான். ஆனா களையா இருக்கும்” என்று எழுதினேன். எழுதியதும் காது இரண்டும் சுட்டது. “வாய் கம்மி. ஆனா முசுடு கெடையாது. புஸ்தகம் படிக்குதவ ஒமக்கு இங்கிலீசு சொல்லித் தருவாவே. போய்ப் பாரும்.” பிறகு, “நீங்க சொன்னா சரி அண்ணாச்சி” என்று வந்தது. நம் ஊரில் ஒரு பெண் தனக்குத்தானே வரன் பேசுவது கேள்விப்பட்டதுண்டா? மீசை வைத்துக்கொண்டு, பெரிய மனுசன் வேஷத்தில், என்னை நானே சிபாரிசு செய்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்பது உண்மை. அது என்னைக் காப்பாற்றும் என்று பல வருடம் நினைத்தேன். என்னை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அதை அவர் கையிலிருந்து நைசாக வாங்கிக்கொண்டவள் நான். அதற்கு அவருடைய மரியாதையையே பயன்படுத்தினேன்.

பெண் பார்த்த அன்று நான் தலையாட்டியதும் உன் அப்பா விடவில்லை. “பெரிய மனுசர். அவருதான் ஒங்களப் பத்தி நல்லபடியாச் சொன்னாரு” என்றார். எங்கள் அத்தை என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “ஏட்டி, யாருட்டி அந்த ஆம்பள? ஒன்னப் பத்தி நல்லபடியாச் சொல்லுத அளவுக்கு அங்கன என்ன பழக்கம்?” என்றாள். அம்மா அழத் தயாராக நின்றாள். “எனக்கு யாரையும் தெரியாதுத்தை” என்றேன். “ரூம்பு தனிதானட்டி?” “தனிதான்.” கூடத்தில் உன் அப்பாவின் தகப்பனார்தான் நிலைமையைச் சமாளித்தார். “பெரிய மனுசங்க நாலு எடத்துல நாலு புள்ளையப் பாப்பாவ, நல்லதுன்னா சொல்லத்தான செய்வாவ. இதுல என்ன இருக்கு?” என்று அவர் சொன்னதும் எல்லோரும் கேசரியை எடுத்துக்கொண்டார்கள். நான்தான் என்று அன்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆண்களோடு சுவர் வழியாகத் துப்பாக்கி கேம் ஆடுகிற பெண்ணை அந்த வீட்டார் காப்பியோடு விட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அதனால் அன்றைய மௌனத்துக்காவது ஒரு காரணம் உண்டு.

நிச்சயம் ஆனதும் வேலையை விட்டேன். அந்தக் கடைசிச் சனிக்கிழமை சொதி சொன்னார்: “கல்யாணத்துக்கு வந்துரணும் அண்ணாச்சி. நீங்க வராம தாலி கட்ட மாட்டேன்.” “வராம இருப்பனாவே?” என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை. வந்தேன். மணவறையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, அவர் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் யார் உள்ளே வந்தாலும் அவர் கண் முதலில் அவர்களுடைய காலுக்குப் போனது. அந்தச் செருப்பைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தாலி கட்ட எழுந்தபோதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எங்கள் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை ஏன் வேறெங்கோ பார்க்கிறார் என்று சின்ன வயதில் நீ கேட்டாய். போட்டோக்காரன் சரியில்லை என்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. உன் அப்பா நல்ல மனிதர். முதலில் அதிர்ந்திருப்பார், பிறகு சிரித்திருப்பார், ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பயம் இல்லை. வேறு என்ன என்று சொல்லப் பல வருடம் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அவர் அண்ணாச்சியைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் வரும் ஒளியை நீ பார்த்திருக்கிறாய். “அண்ணாச்சி இருந்தா இந்நேரம் என்ன சொல்லியிருப்பாரு?” என்று கடையை விரிவாக்கும்போது கேட்டார், நீ பிறந்தபோது கேட்டார், உன் தாத்தா போனபோது கேட்டார். பக்கத்தில் நான் இருந்தேன். என்னிடம் கேட்கவில்லை. அண்ணாச்சியிடம் சொன்ன எதையும் அவர் என்னிடம் சொன்னதில்லை. கடையில் தன் தகப்பனோடு ஒத்துவராததைக்கூட நான் தெரியாததுபோல் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நானே போட்ட வேஷத்தின் மேல் எனக்குப் பொறாமை. ஆனால் அந்த வேஷத்துக்குக் கிடைக்கும் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பதிலும் ஒரு ருசி. இரண்டையும் விட மனம் வரவில்லை. ‘அது நான்தான்’ என்று சொன்ன அன்றைக்கு அவருக்கு ஒரு சிநேகிதர் செத்துப்போவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. அதனால்தான் அதை இவ்வளவு நாள் பிடித்துக்கொண்டிருக்க முடிந்தது.

இவ்வளவும் எனக்கும் அவருக்கும் உள்ளது. உனக்கு நான் செய்தது ஒன்று இருக்கிறது. இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ, அம்மை போட்டு நீ வீட்டில் கிடந்தாய். டிவியில் செருகி ஆடும் பழைய கேசட் கேமை அப்பா உனக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். இரண்டு பேர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், நீர்வீழ்ச்சி வழியாக மேலே ஏறி, வேற்றுக்கிரக ஆட்களை அழிப்பது. நீ அந்த நீர்வீழ்ச்சியைத் தாண்ட முடியாமல் அழுதாய். அப்பா கடையில் இருந்தார். வேப்பிலையை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது கன்ட்ரோலரை நான் எடுத்தேன். நீ வாயைப் பிளந்தாய். கடைசிக் கட்டம்வரை போனோம். சாயங்காலம் அப்பா வந்ததும் படுக்கையிலிருந்தே கத்தினாய்: “அப்பா, அம்மா முடிச்சிட்டா! அம்மா எல்லாத்தையும் சுட்டுட்டா!” அவர் சிரித்தார். “அம்மையில கெனா கண்டிருக்கான் பய. ஒங்கம்மைக்கு ரிமோட்டே ஒழுங்காப் புடிக்கத் தெரியாதுலே.” நீ என்னைப் பார்த்தாய். சொல்லம்மா என்று. நான், “காய்ச்சல் அதிகமா இருந்துச்சு” என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அன்று நீ பொய் சொல்லவில்லை. கனவும் காணவில்லை. இதை உனக்கு எழுத்தில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். மற்றதெல்லாம் அதை விளக்க வந்தவை.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவளை ஒரு கேமில்தான் முதலில் சந்தித்தாய் என்று சொன்னபோது உன் அப்பா சந்தோஷத்தில் துள்ளினார், நான் எழுந்து உள்ளே போனேன். எனக்குப் பிடிக்கவில்லையோ என்று நீ பயந்தாய். நீங்கள் இருவரும் முதல் நாளே உங்கள் சொந்தக் குரலில் பேசிக்கொண்டீர்கள், சொந்தப் பேரைச் சொல்லிக்கொண்டீர்கள் என்று கேட்டபோது எனக்கு வந்தது பொறாமையாகக்கூட இருக்கலாம். அந்த நீர்வீழ்ச்சி உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பேருக்கும் திரை ஒன்றுதான். ஒருவர் அவசரப்பட்டு மேலே ஏறினால் திரை அவரோடு போய்விடும். கீழே நிற்பவர் யாரும் சுடாமலே செத்துப்போவார். எதிரி கொன்றதாகக் கணக்கிலும் வராது. உங்களில் யாராவது ஒருவருக்கு மற்றவரைவிட அதிகம் தெரிந்திருக்கும் விஷயங்கள் எப்போதும் இருக்கும். தெரிந்ததை வைத்துக்கொண்டு மேலே ஏறிவிடாதே. அவள் எதையாவது சொல்லத் தயங்கி நின்றால் கதவருகே காவல் நில். அதை உன் அப்பாவிடமிருந்து கற்றுக்கொள். அந்த ஒன்றில் அவரைவிட நல்ல ஆட்டக்காரரை நான் பார்த்ததில்லை.

பத்திரிகை என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கக் கிளம்புகிறார். அதற்கு முன்னால் அந்த உறையை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது சொல்லியிருப்பேன். ஒருவேளை சொல்லியிருக்காவிட்டால், நீ எனக்காகச் சொல்லிவிடாதே. போனில் கூப்பிட்டு, “சொல்லியாச்சாம்மா?” என்று மட்டும் கேள். ஒவ்வொரு நாளும் கேள். உன்னிடம் இன்னொரு முறை என்னால் பொய் சொல்ல முடியாது.

அன்று சொல்லாமல் விட்டதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணம் முடிந்து, மறுவீட்டுச் சொதியும் சாப்பிட்டு, நான் உன் அப்பா வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குக் கிளம்பினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. வெயில் தாழத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். “அண்ணாச்சி வரல” என்றார், என்னிடம் சொல்வதுபோலவும் இல்லை, சொல்லாததுபோலவும் இல்லை. நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் எதிரே உட்கார்ந்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. “யாரு அந்த அண்ணாச்சி?” என்று கேட்டேன். அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.